மூடி வைத்ததும் துடைத்து வைத்ததும்

பிரெஞ்சில் 'புஷோன்' என்று ஒரு சொல். போத்தலின் தக்கையும் புஷோன்தான், புகைப்படக் கருவியின் லென்சை மூடும் மூடியும் புஷோன்தான். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் அர்த்தத்தை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது அர்த்தத்துக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது என்பது, ஓய்வு பெற்ற பிறகு பழைய புகைப்படக் கலை பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது.

லென்சின் வெளிப்பக்கம் கீறாமல், தேயாமல், மங்காமல் இருப்பதற்கு மனிதர்கள் 180 ஆண்டுகளுக்கு மேலாக என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படுகிறது. உழைப்பால் கெட்ட லென்சுகளுக்குச் சமமாக, பாதுகாப்பால் கெட்ட லென்சுகளும் இருக்கின்றன.

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் அராகோ என்ற விஞ்ஞானி, தாகேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையை உலகுக்கு விளக்கினார். அந்த முறைக்கான கருவியைச் செய்து விற்றவர் ழிரூ. அதற்கு லென்சு செய்தவர் ஷெவாலியே. கண்ணாடி ஒரு பித்தளைக் குழலுக்குள் உட்கார்ந்திருக்கும். குழலின் வாயில் வட்டமான ஒரு பித்தளைத் தகடு. அதைப் பக்கவாட்டில் தள்ளினால் திறக்கும், திருப்பித் தள்ளினால் மூடும். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. ஆகவே அந்தத் தகடுதான் ஷட்டர், அதுவேதான் காவல்.

பிறகு கையால் கழற்றி மாட்டும் மூடி வந்தது. படம் பிடிப்பவர் மூடியை எடுப்பார், மனசுக்குள் எண்ணுவார், மறுபடி மூடுவார். இதில் ஒரு நன்மை உண்டு. மூடாவிட்டால் படமே கெட்டுப்போகும் என்பதால் யாரும் மூட மறக்கமாட்டார்கள். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் லென்சு தானாகவே மூடியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேகமான உலர் தகடுகளும், நொடியில் சிறு பங்கு மட்டும் திறந்து மூடும் ஷட்டர்களும் வந்தன. மூடிக்கு இருந்த முதல் உத்தியோகம் போய்விட்டது, வெறும் காவல்காரன் ஆகிவிட்டது. அன்றிலிருந்துதான் மூடிகள் தொலைய ஆரம்பித்தன என்று எனக்குத் தோன்றுகிறது!

இனி குழலின் மேனிக்கு வருவோம். 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்டுக் கொடுத்து ஃபோய்க்லேண்டர் செய்த லென்சிலிருந்து, அந்த நூற்றாண்டு முழுக்கப் பித்தளைதான். பித்தளை கறுக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது கறுக்காமல் இருக்க அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பித்தளையை லேசாகச் சூடாக்கி, மெல்லிய பூச்சாகத் தடவினார்கள். நம் தச்சர்கள் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று மரச்சாமானுக்குப் போடுவதும் இதே அரக்கைத்தான். அதில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது.

அந்தப் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி. தொடாமல் விட்டால் பல காலம் நிற்கும். சுத்தம் செய்கிறேன் என்று ஒருவர் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போயே போய்விடும். பூச்சு போனதும் பித்தளை கறுக்கும், கறுத்ததும் இன்னும் தேய்ப்பார்கள், கடைசியில் குழலில் செதுக்கியிருந்த தயாரிப்பாளர் பெயரே மழுங்கிவிடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம். லென்சுக்கு அந்த உபசாரம் ஆகாது.

கண்ணாடியின் கதையும் இதுதான். 1933இல் லைட்ஸ் கம்பெனி லைக்கா கேமராவுக்கு 'சுமார்' என்று ஒரு லென்சு கொண்டுவந்தது. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், லென்சு நல்ல லென்சுதான். ஆனால் அதன் முன்கண்ணாடி மிருதுவானது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்தே கீறிவிட்டார்கள். துணியில் ஒட்டியிருக்கும் மணல் தூசி கண்ணாடியைவிடக் கடினமானது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. இன்று கீறல் இல்லாத சுமார் கிடைப்பது அரிது.

இதில் இன்னொரு விசித்திரம். 1890களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்பவர், பழைய மங்கிய லென்சுகள் புது லென்சுகளைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவதைக் கவனித்தார். அழுக்கு என்று எல்லோரும் நினைத்த அந்த மெல்லிய படலம்தான் ஒளி பட்டுத் திரும்பிப் போவதைக் குறைத்தது. 1930களில் ஜெர்மனியின் ட்சைஸ் கம்பெனியில் ஸ்மாக்குலா என்பவர் அந்தப் படலத்தை வேண்டுமென்றே பூசும் வழியைக் கண்டார். ஆரம்ப காலப் பூச்சுகள் மிருதுவானவை, துடைத்தால் தேய்ந்துவிடும். பின்னால் கண்ணாடியைச் சூடாக்கி மக்னீசியம் ஃப்ளோரைடைப் படியவைத்த பிறகுதான் கெட்டியான பூச்சு கிடைத்தது.

நம் ஊர் ஈரத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு கேமரா இருந்தது. தைத்த தோல் உறை, உள்ளே வெல்வெட், இரும்பு பீரோவில் பூட்டு. வருஷா வருஷம் இருப்புச் சரிபார்ப்பில் உறையோடு எடுத்துப் பார்த்து 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி ஒப்பம் இடுவார்கள். எழுதியது பொய்யில்லை. வெளியே ஒரு கீறல் கிடையாது.

ஒரு வருஷம் ஐப்பசிப் புயலில் குப்பத்துக் குடிசைகள் பல விழுந்தன. நிவாரணக் கோப்புக்குப் படம் வேண்டும் என்று கேமராவை எடுத்தார்கள். கழுவி வந்த படங்களில் கூரை எது, வானம் எது என்றே தெரியவில்லை. லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், இருட்டும் காற்றில்லாத இடமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதுவே மாமியார் வீட்டு விருந்து. முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். அப்புறம் கடைத்தெரு ஸ்டூடியோக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கேமராவில் கறுப்பு வர்ணம் உரிந்து மூலைக்கு மூலை பித்தளை தெரிந்தது. லென்சின் விளிம்பில் அடிபட்ட நெளிசல். அவர் எடுத்த படங்களில் விழுந்த சுவரின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அந்தப் படங்களை வைத்துத்தான் கோப்பு நகர்ந்தது, அந்த ஜனங்களுக்குப் பணமும் வந்தது.

முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியாது. கீறல் லென்சுக்கு மிக அருகில் இருப்பதால் அது ஃபோகஸில் வராது. பூஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் படம் முழுவதையும் மங்க வைக்கும்.

நம் ஊருக்கு வந்த ஒரு பெரிய கலைஞரையும் சொல்ல வேண்டும். 1950 ஏப்ரலில், பிரெஞ்சு ஆட்சி இருந்த காலத்தில், ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். பல ஆண்டுகளாக யாரும் அவரைப் படம் எடுத்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். கார்த்தியே-பிரெசோன் தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் ஒட்டி மறைப்பது வழக்கம். கருவி கெடக்கூடாது என்பதற்காக அல்ல, எதிரே இருப்பவர் கண்ணில் அது படக்கூடாது என்பதற்காக. மேனி பளபளக்க வேண்டும் என்ற கவலையே அவருக்கு இல்லை.

காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள். 2015இல் லைக்கா கம்பெனியே 125 கேமராக்களைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே தேய்த்து, வர்ணம் உரிந்து பித்தளை தெரியும்படி செய்து, நல்ல விலைக்கு விற்றது. உழைத்த தடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

இப்போது குழலுக்கு ரப்பர் சட்டை, ஒட்டும் தோல், முன்னால் ஒரு காவல் கண்ணாடி என்று ஏதேதோ விற்கிறார்கள். வேண்டியவர் வாங்கட்டும். என் கணக்கில் நாலே காரியம்தான். படம் எடுக்காதபோது மூடியைப் போடுங்கள். துடைப்பதற்கு முன் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாமல், சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நாலாவதுதான் முக்கியம். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, வீட்டில் இருக்கிறவர்களை நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள்.