முன்சக்கரத் தட்டல் சத்தம்

காரின் முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகளில் ஏதேனும் ஒன்று தேய்ந்து ஆட்டம் காணும்போது எழும் ‘டொக்’ என்ற கனத்த ஒலி. சத்தம் எந்த நேரத்தில் கேட்கிறது என்பதே பழுதைக் காட்டும் முதல் தடயம். அதைக் கவனிக்காமல் ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புவோர் பலர்.

இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்பக்கம், அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்ஃபெர்சனின் பெயரால் வழங்கும் ஸ்ட்ரட் அமைப்பைக் கொண்டது. 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் இந்த அமைப்போடு வந்த தொடக்ககாலக் கார்களுள் ஒன்று. இதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை ரப்பர் மவுண்டிங் வழியே பாடியில் பொருந்தும். கீழே லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் மூலம் சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

சிறு மேடுகளில், குறைந்த வேகத்தில் கடகடவெனத் தட்டினால் பெரும்பாலும், இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடுதான் காரணம். மெலிந்த இந்தக் கம்பியின் முனைகளில் உள்ள சிறு ஜாயின்ட்களின் ரப்பர் உறை கிழிந்தால், மண்ணும் தண்ணீரும் புகுந்து சீக்கிரமே தேய்த்துவிடும். இதைச் சோதிக்க ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கக் கூடாது. பார் முறுக்கேறி லிங்கை இறுக்கிக்கொள்வதால் ஆட்டம் தெரியாது. இரு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதோ இரண்டையும் சேர்த்துத் தூக்கியோ கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் இரு லிங்குகளையும் கழற்றிவிட்டு, வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும் என்பதை மனத்தில் வைத்து, சிறிது தூரம் மெதுவாக ஓட்டலாம். சத்தம் நின்றால் பழுது அங்கேதான்.

பிரேக் பிடித்ததும், அல்லது ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாறிக் கிளம்பியதும் ஒரே ஒரு முறை தட்டினால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் இன்ஜின் மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது ஸ்ட்ரட் மவுண்டிங் பேரிங்கின் கோளாறு. முழுதாக ஒடித்துத் திரும்பும்போது சக்கரச் சுழற்சியோடு ‘டக் டக்’ என்றால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். மேடுகளில் கேட்கும் சத்தம் பிரேக்கை லேசாக மிதித்ததும் அடங்கினால் காலிப்பரோ பேடோ தளர்ந்திருக்கலாம்.

சத்தத்துக்குக் காரணம் எதுவாகத் தோன்றினாலும் பால் ஜாயின்ட்டைப் பார்க்காமல் வண்டியை அனுப்பக் கூடாது. அது கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். காரைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும்: அப்போது ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். சக்கரத்தின் இருபுறமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டோ ஸ்டீயரிங் ராக்கின் உள் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கும்.

லோயர் ஆர்ம் மாற்றும்போது புஷ் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். டை ராடு எண்ட் மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாக வேண்டும்.