கடலாடிய நாள்



விடுமுறை வந்துவிட்டால் உங்கள் உள்ளம் எங்கே பறக்கும் என்பதை நான் அறிவேன். தென்னை நிழலும் வெண்மணலும் ஆட்டமும் பாட்டும் நிறைந்த ஏதேனும் ஒரு தீவு; அந்தமானோ, பாலியோ, கடல் சூழ்ந்த ஓர் இடம். இத்தகைய கடற்கரை விடுமுறையை மேலைநாட்டாரே நமக்குக் கற்றுத் தந்தனர் என்று எண்ணுவோர் பலர். இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்டு ரசல் என்னும் மருத்துவர், கடல்நீராடினால் நோய் நீங்கும் என்று நூல் எழுதினார். அதன்பின் பிரைட்டன் என்ற மீனவர் ஊர் செல்வர் கூடும் இடமாயிற்று. புகைவண்டி வந்த பிறகு தொழிலாளரும் அங்கே திரண்டனர். அது அவர்கள் வரலாறு. நம்முடைய வரலாறு அதனினும் நெடியது. அதைக் காணத் தீவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்கு வந்தால் போதும்.

சிறுவனாயிருந்தபோது ஒரு தை அமாவாசையன்று என் பாட்டனார் என்னை அங்கே அழைத்துச் சென்றார். அலையில் ஆடிக் களைத்து, ஈர வேட்டியோடு வீடு திரும்ப நான் ஆயத்தமானபோது அவர் தடுத்தார். “உப்பை ஆற்றில் விட்டுவிட்டு வா” என்று கூறி, காவிரியில் ஒருமுறை மூழ்கச் செய்தார். அது அவருடைய பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். பிற்காலத்தில் கல்லூரியில் பட்டினப்பாலை படித்தபோது வியந்து போனேன். புகார் நகரத்து மக்கள் கடலிலே நீராடி, பின்னர் உடலின் மாசு நீங்க ஆற்றிலே படிந்தார்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் ஒன்று, என் பாட்டனாரின் ஒரு சொல்லில் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது!

அந்நூல் காட்டும் கடற்கரையைச் சற்றே நோக்குங்கள். மக்கள் நண்டுகளை ஓட்டி விளையாடுகின்றனர், அலைகளைக் கலக்குகின்றனர், மணலிலே பாவை செய்கின்றனர். விளையாடியவர்கள் செல்வர் மட்டுமல்லர். உழைக்கும் பரதவருக்கும் அங்கே ஒரு விடுமுறை இருந்தது. முழுமதி நாளில் அவர்கள் மீன் வேட்டைக்குச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு, அதிலே தம் தெய்வத்தை நிறுத்தி வழிபட்டனர், தாழம்பூச் சூடினர், பனங்கள் பருகினர், தம் மகளிரொடு உண்டு ஆடினர். நாள்தோறும் தமக்கு உணவளிக்கும் கடலை அன்று ஒருநாள் அவர்கள் தொடாமல் விட்டனர்.

இந்த ஓய்வுக்கு அடிப்படையாக இருந்தது யாது? நெல்லே என்பது என் கருத்து. வெண்ணிற உப்பை விற்று, அதற்கு மாறாக நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப் போல் கழிக்கரையில் நின்றன என்று அதே புலவர் கூறுகிறார். முற்றத்தில் உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியை விரட்ட, பெண்கள் தம் கனத்த காதணியைக் கழற்றி எறிந்தனராம்! புலவர் கூற்றில் புனைவு கலந்திருக்கலாம். ஆயினும் வயல் நிறைந்த நாட்டிலேதான் கடற்கரை விளையாடுமிடமாகிறது என்ற உண்மை அதில் இருக்கிறது.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். சித்திரை முழுமதியில் தொடங்கி இருபத்தெட்டு நாள் நடந்த இந்திர விழாவின் நிறைவில் நகரமே கடலாடப் புறப்படுகிறது. தஞ்சை நாட்டில் சித்திரை என்பது அறுவடை முடிந்து, ஆற்றில் புதுப்புனல் வருமுன் வயல் காய்ந்து கிடக்கும் காலம். உழவன் ஓய்ந்திருக்கும் பருவத்தில் விழா அமைந்தது பொருத்தமே அன்றோ? கோவலன் கோவேறு கழுதைமீதும் மாதவி வண்டியிலுமாக விடியுமுன் கடற்கரை சேர்கின்றனர். சாந்தும் மலரும் விற்போர், அப்பம் சுடுவோர், மீன் விற்போர், பரதவர் படகுகள் என எங்கும் விளக்குகள். மாவைப் போன்ற நுண்மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்னும்படி அத்தனை ஒளி! புன்னை நிழலில் ஓவியத் திரை கட்டி இருவரும் அமர்கின்றனர். யாழெடுத்துப் பாடுகின்றனர். அந்தப் பாட்டாலேயே பிரிகின்றனர். தமிழின் பெருங்காப்பியத் துயரம் ஒரு கடற்கரை விடுமுறையில் தொடங்குகிறது.

அந்த நகரம் என்னவாயிற்று? மணிமேகலை ஒரு விடை சொல்கிறது. கடலில் மகனை இழந்த சோழ மன்னன் அவனைத் தேடும் துயரில் இந்திர விழாவை மறந்தான். கடல் பொங்கி நகரைக் கொண்டது என்பது அந்தக் கதை. வரலாறு பயில்வோர் இதை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் ஒதுக்கவும் இயலாது. 1960களில் மத்திய தொல்லியல் துறையினர் பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் படகு கட்டும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. பின்னர் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கடலுக்குள் மூழ்கி ஆய்ந்தனர். அலை புரளும் கரையிலேயே உறைகிணறுகள் கிடைத்தன. குடிநீர் எடுத்த கிணற்றில் இன்று கடல் அலை மோதுகிறது என்றால், நிலம் பின்வாங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கடல் நிலத்தைக் கொள்ளும் என்ற நினைவை அந்தக் கதை காத்து வந்தது. நாமோ அதைத் தேர்வுக்குரிய பாடமாக்கி, மதிப்பெண் பெற்றதும் மறந்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று முழுமதி நாள். சுமத்திராவை அடுத்த கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை காலைப் பொழுதில் நம் கரையைத் தாக்கியது. முழுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் பரதவரின் பழைய விழா நாளை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது. பூம்புகாரும் தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும் அடங்கிய அன்றைய நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவரும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகரும், மணலில் விளையாடிய குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர்.

அதே நாளில், நிலநடுக்கம் எழுந்த இடத்துக்கு மிக அருகே, சிமலூ என்ற இந்தோனேசியத் தீவில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே 1907இல் ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டு சென்றது. அந்தத் தீவினர் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் கடுமையாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் பொருள். 2004இல் நிலம் நடுங்கியதும் அவர்கள் ஓடினர். பல்லாயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் உயிரிழந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க மிகச் சிலரே. அவர்களைக் காத்தது பாட்டியின் பாட்டு. நம் கரைக்குத் தொலைவில் நேர்ந்த நடுக்கம் நமக்கு அத்தகைய முன்னறிவிப்பைத் தரவில்லை என்பது உண்மைதான். ஆயினும் கடலோரத்தில் எவ்வளவு நெருங்கிக் குடியிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவாவது நம் கதை நமக்கு உதவியிருக்கலாம்.

இளைஞர்களே, கடற்கரைக்குச் செல்லுங்கள், மகிழ்ந்து ஆடுங்கள். நம் முன்னோர் ஆடினர், நாமும் ஆடுவோம். ஆனால் பூம்புகார் மணலில் நிற்கும்போது, உங்கள் காலடிக்கு அப்பால் நீருக்குள் ஒரு நகரம் இருக்கிறது என்பதை உடன் வரும் சிறுவர்க்குச் சொல்லுங்கள். திரும்புமுன், கல்லணை முதல் எத்தனையோ வாய்க்கால்களில் பிரிந்து, வயலுக்கெல்லாம் நீர் கொடுத்துவிட்டு மெலிந்து வந்து சேரும் அந்தக் காவிரியில், நீர் இருந்தால், ஒருமுறை மூழ்கி எழுங்கள். உப்பு ஆற்றோடு போகட்டும். கதை உங்களோடு வரட்டும்.