தலையும் தலையெழுத்தும்

மழை பொய்த்தாலும் மகவு மாண்டாலும், உசிலம்பட்டிச் சீமையிலே எழும் பெருமூச்சு ஒன்றுதான்: "எல்லாம் தலையெழுத்து!" தலையைப் பற்றி நம்மவர் எண்ணியது என்ன? பிறர் எண்ணியது என்ன? சிற்பங்களைக் கேட்போம்.

நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தையே அளவுகோலாகக் கொண்டனர். அதற்குத் 'தாலம்' என்று பெயர். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், மாந்தர்க்கு எட்டு, பூதகணங்களுக்கோ நான்கே! தலை பெருத்து உடல் குறுகினால், அது குள்ளப் பூதம் என்பது நம் சிற்ப நூலோர் கணக்கு.

ஆப்பிரிக்காவிலே, நைஜீரிய நாட்டு யொரூபா மக்களின் மரச்சிற்பங்களைக் காண்போம். அரசனாயினும் பிள்ளை சுமக்கும் தாயாயினும், தலைமட்டும் உயரத்தில் மூன்றிலொரு பங்கோ நான்கிலொரு பங்கோ இருக்கும். அளவறியாமையா? அன்று. அவர்தம் இஃபே நகரில் 1938-இல் கண்டெடுத்த உலோகத் தலைகள், உயிருள்ள முகமோ என ஐயுறும் வண்ணம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வார்க்கப்பட்டவை. அம்மரபினர் வேண்டுமென்றேதான் தலையைப் பெரிதாக்கினர்.

ஏன்? தலைக்கு அவர்கள் மொழியில் 'ஒரி' என்று பெயர். புறத்தலைக்குள்ளே அகத்தலை ஒன்றுண்டு. ஒருவனின் இயல்பும் பேறும் அதில் உறைகின்றன என்பது அவர்தம் கொள்கை. அதனைக் கூம்பு வடிவாக்கி, சோழிகள் தைத்த பேழையில் வைத்துப் போற்றினர். பிறக்குமுன் ஒவ்வொருவரும் வானுலகக் குயவன் அஜாலாவிடம் தம் தலையைத் தாமே தெரிந்தெடுக்கின்றனராம். நல்ல தலையும் காலின் உழைப்பின்றிக் கரையேறாதாம்.

இதுவும் ஊழ்க்கதையே, மறுக்கவில்லை. ஆயினும் அங்கே தெரிந்தெடுப்பவன் மனிதன்; காலுக்கும் பெருமையுண்டு. இங்கோ, எழுதுபவன் பிரமன்; முகத்தில் பிறந்தவன் மேலோன், காலில் பிறந்தவன் கீழோன்!

ஆட்சியாளரும் தலையெழுத்து எழுதியதுண்டு. பிறப்பாலேயே ஒரு மக்கட்கூட்டத்தைக் குற்றவாளிகள் என்றது வெள்ளையரின் குற்றப்பரம்பரைச் சட்டம். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர்க் கள்ளர் மக்கள் அதற்குத் தலைவணங்க மறுத்தனர். கைரேகை பதிய மாட்டோம் என்றனர். 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்னும் பெண்ணுட்படப் பலர் மாண்டனர்.

'தலைவிதி' என்று அவர்கள் அடங்கியிருந்தால்? அடங்கவில்லை. 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அழியாது என்ற எழுத்தை அழித்தது எந்தத் தெய்வம்? மக்களின் நிமிர்ந்த தலையன்றோ!

தலையில் எழுத்தைத் தேடுவோரே, தலைக்குள் இருக்கும் அறிவைத் தேடுங்கள்!