எட்டயபுரத்துப் பாட்டும் லோசான் நகரத்துக் கணினியும்

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கரிசல் மண்ணுக்கு இன்னொரு விளைச்சலும் உண்டு. எழுத்து! பக்கத்திலேயே எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர் அது. 1882-ல் பாரதி பிறந்ததும் அங்கேதான். இன்னொரு பக்கம் இடைசெவல், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த கிராமம்.

இன்று எந்த நாட்டில் இருப்பவரும் பாரதியின் பாட்டை இணையத்தில் தேடி ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். இதை முதலில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள் யார்? அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் பதில்.

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் இதன் தலைவர். அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைத் தலைவர். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-லேயே தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் ஆங்கில நூல்களுக்குச் செய்ததைத் தமிழுக்கும் செய்ய வேண்டும் என்பது நோக்கம். வேலை செய்தவர்கள் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள். ஒருவர் அச்சு நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திருக்க வேண்டியதே இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் எழுத்துருவில் இருந்தது. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு! அது இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். முதலில் தகுதரம் என்கிற பொதுக் குறியீடு, பிறகு யூனிகோடு என்று ஒவ்வொன்றாக மாற வேண்டியிருந்தது. செய்த வேலையையே மறுபடி செய்த பொறுமையை என்னவென்று சொல்வது?

பிழை இன்னொரு பயம். கரை என்பது கறை ஆனால் ஆறு போய் அழுக்கு வந்துவிடும். தூரத்தில் இருக்கும் தன்னார்வலர் யாரிடம் சந்தேகம் கேட்பார்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியது பெரிய உதவி. ஆனால் கரிசல் காட்டுச் சம்சாரி பேசும் எல்லாச் சொல்லும் அதில் இருக்காது. அதனால்தான் கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதிக்கு அவ்வளவு மதிப்பு. நல்ல மனசு மட்டும் போதாது, சரிபார்க்க ஒரு நூலும் வேண்டும்.

அனுமதியும் வேண்டும். 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கியது. பிறகு அவை மக்களின் பொதுச்சொத்து ஆயின. அந்தக் கதவு அன்றே திறந்திருந்ததால்தான் தன்னார்வலர்கள் தயங்காமல் தட்டச்சு செய்ய முடிந்தது. உமறுப் புலவரின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்கோ காலமே அனுமதி கொடுத்துவிட்டது.

சரி, இவர்களுக்குக் கிடைத்த லாபம் என்ன? மதுரைத் திட்டத்தின் மின்னூல் ஒன்றைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் தொடக்கத்திலேயே இருக்கும். நூலை யாரும் இலவசமாகப் பரப்பலாம், ஆனால் அந்த முகப்புப் பக்கத்தை நீக்கக்கூடாது. இது ஒன்றுதான் நிபந்தனை.

நம்மில் பலர் பாட்டை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிவிட்டு அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறோம். முகம் தெரியாத அந்த மனிதர்களுக்குக் கிடைத்த ஒரே கூலி அந்த இரண்டு வரி. அடுத்த முறை பாட்டை எடுக்கும்போது அதையும் சேர்த்தே எடுப்போமே!