அறிவுக்கு ஓர் அளவுகோல் உண்டா?

மயிலிட்டிக் கரையில் நிற்போர் அறிவின் பல படிகளை ஒருங்கே காண்பர். மணலிலே சிப்பியும் நண்டும், வலையிலே கணவாய், அதனைப் பிடித்து வரும் மனிதன், அவன் படகிலே திசை காட்டும் கருவி. இவை யாவற்றுக்கும் பொதுவாக ‘அறிவு’ என்னும் ஒரே சொல்லை வழங்குதல் தகுமா?

தமிழில் இவ்வாராய்ச்சி மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களைப் புலன்களின் தொகையால் ஆறாக வகுத்தது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நத்தைக்கும் சிப்பிக்கும் இரண்டு, நண்டுக்கு நான்கு, மனிதனுக்கு மனத்தோடு ஆறு. அவ்வியல் அமைந்த பொருளதிகாரத்தை 1885-இல் அச்சேற்றியவர், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை.

அவ்வகுப்பு நுட்பமானதே. ஆயினும் புலன்களை எண்ணுதல் அறிவை அளத்தல் ஆகாது. கணவாய், சிப்பிக்கும் நத்தைக்கும் உறவான உயிர். அதுவோ, பின்னர்க் கிடைக்கும் நல்லிரையின் பொருட்டு முன்னிருக்கும் இரையை விடுத்துக் காத்திருக்கும் என்பதை 2021-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

அங்ஙனமாயின், ஒரு துறையில் பெற்ற திறமையை அளவாகக் கொள்ளலாமோ? 1997-இல் ‘டீப் புளூ’ என்னும் கணினி, சதுரங்க உலக வாகையரான காஸ்பரோவை வென்றது. ஆனால், சிறுவர் ஆடும் வேறோர் எளிய விளையாட்டைத் தானே கற்றுக்கொள்ள அதனால் இயலாது.

இனி, மீண்டும் மயிலிட்டிக்கு வருவோம். 1990-இல் போரினால் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் 2017 யூலையிலேதான் விடுவிக்கப்பட்டது. இடைப்பட்டவை இருபத்தேழு ஆண்டுகள். முகாமிலே வளர்ந்த ஒருவன், தன் தந்தை அறிந்த நீரோட்டத்தையும் வாடை, சோளகக் காற்றுகளின் போக்கையும் அறியாமல் இக்கரைக்குத் திரும்பினால், அவனை அறிவிற் குறைந்தவன் என்போமா? என்னோம். அவன் இழந்தது பழக்கம். கற்கும் ஆற்றல் அவனிடம் உண்டு.

2019-இல் பிரான்சுவா ஷொலே என்னும் கணினி அறிஞர் இவ்வேறுபாட்டையே வரையறையாக்கினார். பெற்றுவிட்ட திறமை வேறு, அறிவு வேறு. முன்னறியாத பணியைச் சிறிது அனுபவத்தாலேயே கற்றுக்கொள்ளும் திறனே அறிவு என்றார். அதனை அளக்குமிடத்தும், எத்தகைய பணிகளில், எவ்வளவு முன்னறிவோடு என்பதைக் கூறியே அளத்தல் வேண்டும். எல்லையற்ற ‘பொது அறிவு’ மனிதனுக்கும் இல்லை.

ஆகவே, எண்ணிறந்த ஏடுகளைக் கற்பிக்கப்பெற்று உரையாடும் இக்கால இயந்திரத்தைக் காணும்போது, அது எவ்வளவு அறியும் என்று வியத்தல் போதாது. முன் கண்டிராத கரையிலே விட்டால் எவ்வளவு விரைவிற் கற்கும் என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவை நண்டிடத்தும் வினவலாம், நம்மிடத்தும் வினவலாம்.