குறைந்தபட்ச விலையும் குறைந்தபட்சக் கூலியும்

யாழ்ப்பாணத்தில் பொருளியல் படிப்பித்த காலத்தில் 'விலைக் கட்டுப்பாடு' என்று கரும்பலகையில் எழுதினால், அது எந்தத் திசையிலான கட்டுப்பாடு என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. சங்கக்கடைக் கியூவில் நின்று வளர்ந்தவர்களுக்கும், 1990களின் பொருளாதாரத் தடைக்குள் ஒரு கட்டிச் சவர்க்காரத்திற்கும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவர்களுக்கும் அதன் பொருள் ஒன்றுதான்: இந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது.

இன்று இலண்டனின் புறநகர் ஒன்றில், உணவுப்பொருள் பொதிசெய்யும் தொழிற்சாலையில் இரவுவேலை செய்கிறேன். என்னுடைய பழைய மாணவர் ஒருவர் நான்கு தெரு தள்ளிச் சிறுகடை நடத்துகிறார். அண்மையில் அவர் மனம் வெதும்பிச் சொன்னார்: "சேர், பக்கத்துச் சூப்பர்மார்க்கட்டில சோடாப் போத்தல் விக்கிற விலைக்கு எனக்கு மொத்தக்கடையில வாங்கவே ஏலாது. இன்ன விலைக்குக் கீழ ஒருத்தரும் விக்கக்கூடாது எண்டு சட்டம் வந்தால்தான் நாங்கள் தப்புவம்."

அப்படியொரு ஏற்பாடு இந்த நாட்டிலேயே இருந்தது என்றேன். அவர் நம்பவில்லை. அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்லத் தயங்கியதையும் இங்கு எழுதுகிறேன்.

பொருளை உற்பத்தி செய்பவர், அதைக் கடைக்காரர் எந்த விலைக்குக் குறையாமல் விற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் முறை பிரித்தானியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. மருந்துகளுக்கென ஒரு வியாபாரச் சங்கம் 1896இல் அமைந்தது. 1900இல் பதிப்பாளர்களும் புத்தகக் கடைக்காரர்களும் செய்த 'நெற் புக்' உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பெரிய கடைகள் விலையை வெட்டினால் சிறிய கடைகள் அழிந்துவிடும் என்பதே இரண்டிலும் சொல்லப்பட்ட நியாயம். அந்த அச்சம் பொய்யானதல்ல.

ஆனால் நீதிமன்றங்கள் முதலில் இதற்குத் துணைநிற்கவில்லை. டன்லப் ரயர் கொம்பனி தனது விலைக்குக் கீழ் ரயர் விற்ற செல்பிரிட்ஜ் கடைமீது வழக்குப் போட்டது. செல்பிரிட்ஜ் ரயர்களை டன்லப்பிடம் நேரடியாக வாங்கவில்லை. இடைநிலை வியாபாரி ஒருவரிடமே வாங்கியிருந்தது. ஆகவே டன்லப்பிற்கு வழக்காடும் உரிமையில்லை என்று 1915இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. இதன்பின் உற்பத்தியாளர்கள் வேறு வழியை நாடினர். விலையை வெட்டிய கடைக்காரரைத் தமது சங்கங்களின் தனியார் 'நீதிமன்றங்களில்' விசாரித்தனர், தண்டம் அறவிட்டனர், பணியாதவரின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, ஒருவருமே அவருக்குச் சரக்குக் கொடுக்காதபடி செய்தனர். சிறுகடையைக் காப்பதாகச் சொன்ன முறை சிறுகடைக்காரரையும் கூண்டில் ஏற்றியது என்பது இங்கு கவனிக்கப்படவேண்டியது.

1956ஆம் ஆண்டின் சட்டம் ஒரு கையால் பறித்து மறுகையால் கொடுத்தது. கூட்டாகச் சேர்ந்து தண்டிப்பதைத் தடைசெய்தது; ஆனால் தனியொரு உற்பத்தியாளர் தனது விலை நிபந்தனையை, நேரடி ஒப்பந்தம் இல்லாத கடைக்காரர் மீதும் வழக்காடி நிலைநாட்டலாம் என்றது. நிபந்தனை பற்றி அந்தக் கடைக்காரருக்கு அறிவித்திருந்தால் போதும். 1915இல் டன்லப்பிற்குக் கிடைக்காத உரிமை இப்போது எல்லா உற்பத்தியாளருக்கும் சட்டமாகவே கிடைத்தது.

அது நீடித்தது எட்டு ஆண்டுகள்தான். சூப்பர்மார்க்கட்டுகள் வளர்ந்துவிட்டிருந்தன. விலையை நேரடியாக வெட்டமுடியாத பொருட்களுக்கும் வாடிக்கையாளரை இழுக்க அவை பரிசு முத்திரைகளைக் கொடுத்தன. 1963இல் ரெஸ்கோவும் அதில் இறங்கியது. 1964இல் வர்த்தக அமைச்சராக இருந்த எட்வேர்ட் ஹீத் இந்த விலைமுறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். கடைக்காரர்களின் கட்சி என்று கருதப்பட்ட கொன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே கலகம் எழுந்தது. மருந்துகளுக்கு விலக்குக் கேட்ட திருத்தம் ஒன்றை அரசாங்கம் ஒரேயொரு வாக்கால்தான் முறியடித்தது. சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அக்கட்சி மயிரிழையில் தேர்தலில் தோற்றது. கடைக்காரர்களின் கோபமே அதற்குக் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

புதிய சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. தமது விலைமுறை பொதுநலனுக்கு உகந்தது என்று விசேட நீதிமன்றத்தில் நிரூபிப்பவர்கள் விலக்குப் பெறலாம். சொக்லேற், இனிப்பு உற்பத்தியாளர்கள் முயன்று 1967இல் தோற்றனர். சப்பாத்து உற்பத்தியாளர்களும் அடுத்த ஆண்டு தோற்றனர். தப்பியவை புத்தகங்களும் கடையில் நேரடியாக வாங்கும் மருந்துகளும் மட்டுமே. புத்தக உடன்படிக்கை 1995இல் உள்ளிருந்தே உடைந்தது; மருந்துகளின் விலக்கு 2001இல் முடிந்தது. இன்று உற்பத்தியாளர் ஒரு விலையைச் சிபாரிசு செய்யலாம். உச்ச விலையையும் விதிக்கலாம். இதற்குக் குறைத்து விற்காதே என்று சொல்லமுடியாது.

இதனால் யார் வென்றனர்? மலிவாக வாங்கியவர்கள் வென்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. நானும் என் வீட்டுச் சாமான்களைச் சூப்பர்மார்க்கட்டில்தான் வாங்குகிறேன். தோற்றவை ஆயிரக்கணக்கான சிறுகடைகள். ஆனால் அவற்றின் வீழ்ச்சிக்கு இச்சட்டத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது சரியல்ல. காரும் குளிர்சாதனப் பெட்டியும் வாரமொருமுறை சாமான் வாங்கும் பழக்கமும் சேர்ந்தே அதைச் செய்தன. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரமோ மறைந்துவிடவில்லை. உற்பத்தியாளரின் கையிலிருந்து சூப்பர்மார்க்கட்டின் கைக்கு மாறியது. 2013இல், சரக்கு வழங்குவோரைச் சூப்பர்மார்க்கட்டுகளிடமிருந்து பாதுகாப்பதற்கென்றே ஒரு மத்தியஸ்தரை நியமிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றவேண்டி வந்தது. அந்த நெருக்குதல் எங்கே இறங்குகிறது என்பதை நான் இரவுகளில் காண்கிறேன். சூப்பர்மார்க்கட் சதங்களைக் குறைக்கும்போது எங்கள் பட்டியின் வேகம் கூடுகிறது.

என் மாணவரிடம் நான் சொல்லத் தயங்கியது இதன்பின் வருவது. இந்த நாட்டில் இன்னொரு குறைந்தபட்ச விலைக்கும் வரலாறு உண்டு. 1909இல் தையல், பெட்டி செய்தல், லேஸ் முடித்தல், சங்கிலி செய்தல் ஆகிய நான்கு தொழில்களில், மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தவர்களுக்காகக் கூலிச் சபைகள் உருவாக்கப்பட்டன. பின்னர் சில்லறைக் கடை ஊழியர்களும் இத்தகைய சபைகளின் கீழ் வந்தனர். 1993இல் விவசாயம் தவிர்ந்த ஏனைய சபைகளை அரசாங்கம் ஒழித்தது. 1999 ஏப்ரலில்தான் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி வந்தது: வளர்ந்தவர்களுக்கு மணித்தியாலத்திற்கு 3 பவுண் 60 பென்ஸ்.

என் மாணவரின் கடையில் அண்மையில் வந்துசேர்ந்த இரண்டு பொடியள் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கொடுபடுவது சட்டப்படியான கூலியல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் பலருக்கும் தெரியும். "விசா இல்லாதவனுக்கு வேலை குடுக்கிறதே பெரிய உதவி" என்று சமாதானம் சொல்கிறோம். சோடாப் போத்தலை ஒரு விலைக்குக் கீழ் விற்பது அநியாயம் என்கிறோம்; ஒரு மனிதனின் மணித்தியாலத்தை அவ்வாறு வாங்குவதை உதவி என்கிறோம்.

அவரும் நெருக்கப்படுபவர்தான், பதினாறு மணித்தியாலம் கல்லாவில் நிற்பவர். ஆயினும், பொருளுக்கான குறைந்தபட்ச விலை இருந்த காலத்திலும் அதன் கடிவாளம் கடைக்காரரின் கையில் இருக்கவில்லை. பெயர்பெற்ற பண்டத்தின் சொந்தக்காரரிடமே இருந்தது. உழைப்பைத் தவிர விற்பதற்கு எதுவுமில்லாதவருக்குக் குறைந்தபட்சக் கூலியே கடைசிப் பிடி. அதைத் தனது கடைக்குள் மதிக்காதவர், தனக்கொரு குறைந்தபட்ச விலையை எந்த முகத்துடன் கேட்பது?

இதை நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. 'சேர்' என்று மரியாதையாக அழைத்துத் தேநீர் தருபவரிடம் எப்படிச் சொல்வது? அவர் இச்சஞ்சிகையை வாங்குபவர். கடை நடத்தும் ஏனைய நண்பர்களும் வாசிக்கிறார்கள். நான் பிழையெனில் அடுத்த இதழில் எழுதுங்கள். கடைக் கணக்கோடு எழுதினால் இன்னும் நல்லது.