நீரை அளக்கும் உரிமை: மலிவான நீர்ப் பரிசோதனை முறைகளின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

குடிநீரின் தூய்மையைக் குறைந்த செலவிலும் நம்பத்தக்க முறையிலும் அறிவது எவ்வாறு என்ற வினா இரசாயனவியலாளருக்கும் பொறியியலாளருக்குமே உரியதென்பது பொதுவான கருத்து. ஆயினும் அவ்வினாவுக்கு ஒரு சமூக வரலாறும் உண்டு. எந்தச் சோதனை எவருடைய தேவையின் பொருட்டுத் தோன்றியது, அது எவர் கையில் இருந்தது, அதன் முடிவு எவர் வாயிலாக வெளிப்பட்டபோது 'உண்மை' என ஏற்கப்பட்டது ஆகியன வரலாற்று ஆய்வுக்குரிய வினாக்களாகும். அவற்றை நமது நாட்டின் அண்மைக்கால அனுபவங்களோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நவீன நீர்ப் பரிசோதனையின் வரலாறு ஆய்வுகூடத்திலே தொடங்கவில்லை. 1854இல் இலண்டன் புறோட் வீதியில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடுவீடாகச் சென்று இறந்தோர் தொகையைக் கணக்கிட்டார். அவர்கள் எந்தக் குழாயடியில் நீர் அள்ளினர் என்று கேட்டறிந்தார். நீரிலே கிருமியை எவரும் காட்டாத காலத்தில், மக்களின் சாட்சியமே நீரின் குற்றத்தை நிறுவியது. றொபேட் கொக் கொலராக் கிருமியை இனங்கண்டு, 1884இல் கல்கத்தாவில் அதனைக் குளத்து நீரிலும் கண்டது ஏறத்தாழ மூன்று தசாப்தங்களுக்குப் பின்னராகும்.

அதன்பின் அறிவின் இருப்பிடம் மாறியது. நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் நீரிலே தேடுவது கடினம். ஆதலால் மனித மலத்திலே எப்பொழுதும் வாழும் பற்றீரியாக்களைத் தேடி, அவை இருப்பின் நீர் மாசுற்றதெனக் கொள்ளும் சுட்டி முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. அது அறிவியலில் ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் கிருமியழிப்புச் சாதனமும் அடைகாப்புப் பெட்டியும் பயிற்சி பெற்ற ஊழியரும் வேண்டும். மாதிரி நீரைக் குளிர்நிலையில் ஒரு நாளுக்குள் ஆய்வுகூடத்திற்குச் சேர்ப்பிக்க வேண்டும்; முடிவுக்காக மேலும் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். மக்களின் வாய்மொழி பின்தள்ளப்பட்டது; ஆய்வுகூட அறிக்கை முன்வந்தது.

கொழும்பின் வரலாறு இப்போக்கோடு இயைந்து செல்கிறது. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்து நீர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவு குழாய்வழி வந்து மாளிகாகந்தையைச் சேர்ந்தது. 1900இல் பிற்கால மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முன்னோடியான பற்றீரியவியல் நிறுவகம் கொழும்பிலே தொடங்கப்பட்டது. துறைமுகமும் வர்த்தக நிறுவனங்களும் நிர்வாகமும் ஒருங்கே அமைந்த நகருக்குக் குழாயும் ஆய்வுகூடமும் அவசியமாயின. அந்நகரின் வர்த்தகத்துக்கு அடிநிலையாக விளங்கிய தேயிலையை உற்பத்திசெய்த மலையகத் தொழிலாளரோ லயன்களில் வாழ்ந்து பீலி நீரைப் பருகினர். ஒரு நாளுக்குள் மாதிரி கைசேர வேண்டும் என்னும் சோதனை முறையின் நிபந்தனையே தொலைதூரக் கிராமங்களையும் தோட்டங்களையும் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்திற்று. செலவு என்பது பணம் மட்டுமன்று. தொலைவும் காலமும் அதனுள் அடங்கும்.

2

இன்று ஒரு சிறு பெட்டியில் அடங்கும் மலிவான சோதனைகள் சிலவற்றின் பிறப்பிடம் கவனத்திற்குரியது. நீரின் அமிலத் தன்மையைக் குறிக்கும் பீ.எச். அளவுகோலை 1909இல் சோரன்சன் வகுத்தது கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலாகும். அது ஒரு பியர் வடிசாலையினர் நிறுவிய ஆய்வுகூடம். நைத்திரேற்றைக் காட்டும் இன்றைய சோதனைத் தாள்கள் பல, நீரிலுள்ள நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றி அதனை ஒரு நிறத்தாக்கத்தின் மூலம் வெளிப்படுத்துகின்றன. அத்தாக்கத்தை 1879இல் விபரித்த பீற்றர் கிறீஸ் இங்கிலாந்தின் பேட்டன் நகர வடிசாலையொன்றில் இரசாயனவியலாளராகப் பணிபுரிந்தவர். பண்டத்தின் தரம் இலாபத்தைத் தீர்மானித்த இடத்திலே துல்லியமான இரசாயனம் ஊதியத்துடன் வளர்ந்தது. அவ்வறிவு ஏழைகளின் கிணற்றடியைச் சென்றடைவதற்கு வேறொரு வரலாற்று உந்துதல் வேண்டியிருந்தது.

இந்திய உபகண்டத்தில் அத்தகைய முயற்சிகளுள் முதன்மையானது 1982இல் வெளிவந்தது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஓர் எளிய முறையை விளக்கினர். மலத்தோடு தொடர்புடைய பற்றீரியாக்கள் பல ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளியிடுவன. பெப்டோன், தயோசல்பேற்று, இரும்பு உப்பு முதலியன ஊறிய தாள் வைத்த சிறு போத்தலில் 20 மில்லிலீற்றர் நீரை ஊற்றி 30 முதல் 37 பாகை வெப்பத்தில் 12 முதல் 18 மணித்தியாலம் வைத்தால், மாசுற்ற நீர் கறுக்கும். நமது நாட்டின் தாழ்நிலத்தில் அவ்வெப்பத்தைப் பகற்பொழுதே பெரும்பாலும் தந்துவிடுகிறது. நீர் கறுத்ததா, இல்லையா என்பதை எழுத்தறியாதவரும் கண்டறியலாம்.

ஆனால் மலிவு என்பது நம்பகத் தன்மைக்கு மாற்றீடாகாது. நிலத்தடி நீரில் இயல்பாக உள்ள சல்பைட்டும், மலத்தோடு தொடர்பற்ற சில பற்றீரியாக்களும் நீரைக் கறுக்கச் செய்யலாம். மாசு எவ்வளவு என்பதையும் இச்சோதனை எடுத்துரைக்காது. உலக சுகாதார நிறுவனத்திற்காக 2002இல் மேற்கொள்ளப்பட்ட மீளாய்வு இக்குறைபாடுகளை விரிவாக எடுத்துக்காட்டியது. ஆதலால், ஒரே கிணற்றில் இரு போத்தல்கள் எடுத்தல், தூய நீரால் ஒரு போத்தலை ஒப்பீட்டுக்காக வைத்தல், மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தல், கறுத்த மாதிரிகளை ஆய்வுகூடத்தில் உறுதிசெய்தல், யாவற்றையும் திகதியிட்டுப் பதிதல் ஆகிய ஒழுங்குகள் இன்றியமையாதன. தனியொரு போத்தலை விட, தொடர்ச்சியாகப் பேணப்பட்ட ஒரு பதிவேட்டுக்கே சாட்சிய வலு அதிகம்.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு மலிவான சோதனையும் ஒரு குற்றத்தை மட்டுமே காணும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் உரத்தினாலும் மலக்குழிகளாலும் சேரும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கறுக்கும் போத்தல் அதனைக் காட்டாது. சோதனை மௌனமாயிருப்பதை நீரின் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆபத்தானது.

3

சோதனையின் முடிவை எவர் ஏற்கிறார் என்ற வினாவை 2013 முதலான நிகழ்ச்சிகள் கூர்மையாக எழுப்பின. கம்பஹா மாவட்டத்து ரத்துபஸ்வல மக்கள் தமது கிணற்று நீர் அமிலத்தன்மை அடைந்துள்ளதெனவும், அயலிலுள்ள தொழிற்சாலையே அதற்குக் காரணமெனவும் முறையிட்டனர். காரணம் பற்றி வாதப்பிரதிவாதம் நிகழ்ந்தது. ஆனால் பீ.எச். என்பது சில ரூபா பெறுமதியான தாளினால் எவரும் பார்க்கத்தக்க ஓர் அளவு. மிக மலிவான சோதனைக்கு உட்படும் ஒரு பிரச்சினைக்கு அரசு 2013 ஆகஸ்ட் 1ஆந் திகதி வெலிவேரியவில் துப்பாக்கியால் விடையளித்தது. மூவர் உயிரிழந்தனர். அங்கு குறைவாயிருந்தது தொழில்நுட்பமன்று. மக்கள் கண்டதைக் கேட்டு விசாரிக்கும் கடப்பாடுடைய ஒரு நிறுவனமே அங்கு இல்லாதிருந்தது.

சுன்னாகத்தின் அனுபவம் இதற்கு நெருங்கியது. அனல்மின் நிலையத்தின் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதை முதலில் உணர்ந்தவை அவ்வூரவரின் கண்ணும் மூக்குமேயாகும். பின்னர் வந்த நிபுணர்களோ தம்முள் முரண்பட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வு பல கிணறுகளில் எண்ணெய் வரம்பை மீறியிருப்பதாகக் கண்டது; வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு வேறு முடிவைத் தந்தது. போர்க்காலத்து எண்ணெய்க் கசிவே காரணம் என்ற வாதமும் எழுந்தது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்கொன்றில் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு அதன் அடிப்படைகளுள் ஒன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நீரைப் பருகுவதா விடுவதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இவை தொலைவிலுள்ள ஊர்களின் துயரங்கள் எனக் கொழும்பில் வாழ்வோர் கருதுவதற்கில்லை. 2015 ஆகஸ்டில் பானத் தொழிற்சாலையொன்றிலிருந்து கசிந்த டீசல் களனி கங்கையிற் கலந்து தலைநகரின் குடிநீர் விநியோகத்தைப் பாதித்தது. குழாய் நீர் அம்பத்தளையிலிருந்து தூய்மையாகப் புறப்பட்டாலும், வெள்ளவத்தை மாடிவீட்டின் நிலத்தடித் தொட்டியிலோ கொட்டாஞ்சேனையில் பல குடும்பங்கள் பங்கிடும் பொதுக்குழாயடியிலோ நுகேகொடையின் பழைய வளவுக் கிணற்றிலோ அது எந்நிலையில் உள்ளது என்பது தனிவினா. எஞ்சியுள்ள குளோரீனை இளஞ்சிவப்பு நிறத்தால் காட்டும் எளிய சோதனை 1957இலிருந்து உலகில் வழங்கிவருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிந்த அச்சோதனையைக் குடியிருப்பாளரும் அறிந்திருத்தல் தகும்.

4

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். மலிவான சோதனை என்ற முழக்கம் அரசு தன் கடமையைக் கைகழுவுவதற்கும் பயன்படலாம். குழாய் வேண்டும் என்று கேட்பவரிடம் சோதனைப் பெட்டியைக் கொடுத்து அனுப்புவது எளிது. இந்தியாவில் 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊர்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளிப்பதென வகுத்தது. அறிவு பெண்களின் கைக்கு வருவது வரவேற்கத்தக்கது. ஆயினும் அவ்வுழைப்புக்குக் கூலி உண்டா, அவர்கள் 'நீர் கெட்டது' என எழுதினால் எவர் எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடையில்லாவிடின், அது வீட்டு வேலையின் பட்டியலில் மேலும் ஒன்றாகவே முடியும்.

எனவே மலிவான, நம்பத்தக்க முறையை உருவாக்குதல் என்னும் பணி மூன்று கூறுகளை உடையது. முதலாவது, சோதனை மக்களின் கைக்கும் மொழிக்கும் எட்டுவதாயிருத்தல். அதன் விளக்கக் குறிப்புத் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் இதிலடங்கும். இரண்டாவது, பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் மக்களின் பதிவுகளை உறுதிசெய்து கொடுக்கும் பொறுப்பை ஏற்றல். மூன்றாவது, அவ்வாறு உறுதிசெய்யப்பட்ட பதிவுக்கு நிர்வாகமும் நீதிமன்றமும் குறித்த காலத்துள் விடையளிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தல். முதலிரண்டும் விஞ்ஞானிகளின் கையிலுள்ளவை. மூன்றாவது போராடிப் பெறவேண்டியது. அது கிட்டாத வரை முதலிரண்டும் பயனற்றவை என்று சொல்வதற்கில்லை. அப்போராட்டத்துக்கு வேண்டிய சாட்சியம் அவற்றிலிருந்தே திரளும். 1854இல் வீடுவீடாகச் சேர்க்கப்பட்ட கணக்கு ஒரு நகரின் நீரை மாற்ற உதவியது. கிணற்றடியிலே பேணப்படும் ஒரு பதிவேடும் அப்பணியைச் செய்யவல்லது.